ஐந்தாம் பக்கத்தில் தாயின் பெயர்: ஒரு ஜேர்மன் சிப்பாயின் சம்பளப் புத்தகத்தைப் படித்தல்

கடந்த வருடக் கடைசியில் ஒரு இரவு, மடவளையில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நேரம், அக்கா வாட்ஸ்அப்பில் 26 படங்கள் அனுப்பியிருந்தார். கசங்கிய பழுப்பு அட்டை, அதற்குள் கட்டம் கட்டமாக அச்சிட்ட பக்கங்கள், கட்டங்களுக்குள் பல கைகளின் எழுத்து, ஊதா நிற முத்திரைகள். கூடவே ஒரு குரல் பதிவு. “நீ பத்திரிகைக்காரன்தானே, இதில என்ன கிடக்கெண்டு பார்த்துச் சொல்லு. அந்த அம்மா கண் தெரியாமக் கஷ்டப்படுறா.”

அக்கா ஜேர்மனியில் டோட்முண்ட் நகரத்தில் முதியோரை வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கும் வேலை செய்கிறார். அவர் பார்க்கும் வயதான பெண்மணி ஒருவரின் தகப்பனுடைய புத்தகம் அது. தகப்பன் இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் இராணுவச் சிப்பாய். போர் முடிந்து வீட்டுக்கு வந்தார், சுரங்க வேலைக்குத் திரும்பினார், 1971இல் இறந்தார். இடைப்பட்ட அத்தனை வருடங்களிலும் எங்கே இருந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. மகளிடம் எஞ்சியிருப்பது இந்தப் புத்தகம் மட்டும்.

ஜேர்மன் பெண்ணுக்கு ஜேர்மன் புத்தகத்தை வாசிக்க மடவளையில் இருக்கும் நான் எதற்கு என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பார்வை மங்கியது ஒரு காரணம். இரண்டாவது, அந்தக் கையெழுத்து. ஜேர்மனியில் முன்பு வேறொரு வகைக் கூட்டெழுத்து இருந்தது. 1941இல் அதைப் பாடசாலைகளிலிருந்து நீக்கிவிட்டார்கள். அந்த அம்மா பாடசாலைக்குப் போனது அதற்குப் பிறகு, ஆகவே தகப்பனின் எழுத்து அவருக்குப் பாதி புரியாது. அக்காவின் ஜேர்மன் பேச்சு ஜேர்மன். நான் விசாவுக்கென்று கொஞ்சம் படித்தவன். விசா கிடைக்கவில்லை, மொழி மட்டும் தங்கிவிட்டது. பழைய எழுத்தின் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்தேன். பெயரையும் படையணியையும் எழுத வேண்டாம் என்று அம்மா கேட்டிருக்கிறார். எழுதவில்லை.

புத்தகத்தின் பெயர் ஸோல்ட்புக். நேர்ப் பொருள் சம்பளப் புத்தகம். அட்டையிலேயே ‘அடையாள அட்டையாகவும் பயன்படும்’ என்று அச்சிட்டிருக்கிறது. 1939இல் போர் தொடங்கும்போது சிப்பாய்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். தன் படையணியை விட்டு வைத்தியசாலையிலோ பயணத்திலோ இருக்கும் சிப்பாய், இதைக் காட்டி வேறொரு படையணியின் கணக்காளரிடம் சம்பளம் பெறலாம். ஆகவே எப்போதும் மார்புப் பையில் இருக்க வேண்டும், பொதிக்குள்ளோ தங்குமிடத்திலோ வைப்பது தவறு என்று உள்ளேயே அறிவுறுத்தல் இருக்கிறது. வேர்பாஸ் என்று இன்னொரு புத்தகமும் உண்டு. அது சிப்பாயின் கையில் இராது, படையணி அலுவலகத்தில் இருக்கும், அவர் இறந்தால் குடும்பத்துக்குப் போகும். ஒருவரைப் பற்றி இரண்டு இடங்களில் இரண்டு பதிவு. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், பின்னர் தேவைப்படும்.

முதல் பக்கத்தில் பெயர், பதவி, அடையாளத் தகட்டின் இலக்கம், இரத்த வகை, விஷவாயு முகமூடியின் அளவு. இரண்டாம் பக்கத்தில் பிறந்த திகதி, ஊர், மதம், தொழில், உயரம், முகவாகு, கண்ணின் நிறம், சப்பாத்து அளவு. புகைப்படம் ஆரம்பத்தில் கட்டாயமில்லை, போரின் பிற்பகுதியில்தான் ஒட்டச் சொன்னார்கள். எனவே பல புத்தகங்களில் ஆளை இந்த வர்ணனையால்தான் அறிய வேண்டும். இந்தப் புத்தகத்தில் தொழில் என்ற இடத்தில் சுரங்கத் தொழிலாளி என்றிருந்தது. அதை வாசித்துச் சொன்னபோது அம்மா சிரித்ததாக அக்கா சொன்னார். அது அவருக்குத் தெரிந்த தகப்பன்.

தேடுபவருக்கு முக்கியமானது நான்காம் பக்கம். அங்கே மூன்று பகுதிகள். களத்துக்கு அவரை அனுப்பிய நிரப்புப் படையணி எது, களத்தில் சேர்ந்த படையணி எது, இப்போது அவருக்குப் பொறுப்பான நிரப்புப் படையணி எது. நிரப்புப் படையணி என்றால் ஊரில் இருந்துகொண்டு ஆட்களைச் சேர்த்து, பயிற்சி கொடுத்து, காயப்பட்டுத் திரும்புபவர்களை மறுபடி ஏற்கும் பிரிவு. ஜேர்மனி முழுவதும் இலக்கமிட்ட இராணுவ மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. டோட்முண்ட், மூன்ஸ்டரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆறாவது மாவட்டத்துக்குள் வரும். இடம் மாறும்போது பழைய வரியை அழிப்பதில்லை. மேலே ஒரு கோடு கிழித்துக் கீழே புதியதை எழுதுவார்கள். கோடு கிழித்த வரிகளை மேலிருந்து கீழே வாசித்தால் ஒரு மனிதன் எப்படிக் கைமாறினான் என்று தெரியும்.

ஆனால் முத்திரைகளில் படையணியின் பெயர் இராது, ஐந்து இலக்க எண் ஒன்றுதான் இருக்கும். அது களத்தபால் இலக்கம். கடிதம் எதிரியின் கையில் சிக்கினாலும் எந்தப் படை எங்கே என்று தெரியக்கூடாதென்று ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் எண். இன்று அந்த எண்களை விடுவிக்கும் திறவுகோல் அச்சிலேயே இருக்கிறது. நோர்பேர்ட் கன்னாபின் தொகுத்த களத்தபால் அட்டவணை எண்ணைப் படையணியாக்கும். கெயோர்க் டெஸ்ஸின் பல தொகுதிகளாக எழுதிய படையணி அகராதி, அந்தப் படையணி எந்த மாதம் எந்தக் களத்தில் நின்றது என்று சொல்லும். இதில் ஒரு பொறி உண்டு, நானே விழுந்தேன். ஒரு பிரிவு கலைக்கப்பட்டால் அதன் எண் பின்னர் வேறொரு பிரிவுக்குக் கொடுக்கப்படும். திகதியைப் பாராமல் எண்ணை மட்டும் பார்த்து, இரண்டு நாள் அந்த மனிதரை நோர்வேயில் வைத்துத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் நோர்வேயைக் கண்ணாலும் கண்டதில்லை.

ரஷ்யா என்று சொல்லித் தந்தது 22ஆம் பக்கம், விருதுகள் எழுதும் பக்கம். ‘கிழக்கின் குளிர்காலப் போர் 1941/42’ என்ற பதக்கம் அங்கே இருந்தது. 1942 மே மாதம் உருவாக்கப்பட்ட அந்தப் பதக்கம், 1941 நவம்பர் 15இலிருந்து 1942 ஏப்ரல் 15 வரை கிழக்கு முனையில் நின்றவர்களுக்குரியது. அந்தக் காலத்தில் 14 நாள் சண்டையில் நின்றிருக்க வேண்டும், அல்லது 60 நாள் தொடர்ந்து அங்கே இருந்திருக்க வேண்டும், அல்லது காயமோ குளிரில் உறைவோ பட்டிருக்க வேண்டும். சிப்பாய்கள் அதை ‘உறைந்த இறைச்சிப் பதக்கம்’ என்று கேலி பேசுவார்களாம். அதற்குக் கீழே கறுப்பு நிறக் காயச் சின்னம். ஒன்றோ இரண்டோ முறை காயப்பட்டவருக்குக் கறுப்பு, மூன்று நான்கு என்றால் வெள்ளி, அதற்கு மேல் தங்கம்.

காயத்தின் கதை 12ஆம், 13ஆம் பக்கங்களில் தொடர்கிறது. எந்த வைத்தியசாலை, எந்தத் திகதி சேர்ந்தார், எப்போது வெளியேறினார். என்ன நோய் என்பதை எழுத்தில் எழுதாமல் குறியீட்டு எண்ணாக எழுதியிருப்பார்கள். முதலில் களமுனைக்கு அருகிலுள்ள வைத்தியசாலை, பிறகு பின்னணியில் ஒன்று, பிறகு ஜேர்மனிக்குள் ஒன்று. பின்னோக்கி நகரும் இந்த மூன்று முத்திரைகளே காயம் சிறியதல்ல என்று சொல்கின்றன. புத்தகத்தின் கடைசியில் விடுமுறைகள்: 1943இல் இரண்டு வாரம், வீட்டு விலாசத்துக்கு. அம்மாவுக்கு அப்போது ஐந்து வயது. ஒரு மனிதர் வாசலில் நின்றதும், தான் பயந்து அடுக்களைக்குள் ஓடியதும் ஞாபகம் இருக்கிறதாம். எந்த வருடம் என்று மட்டும் இவ்வளவு காலமும் தெரியாதிருந்தது.

கடைசி முத்திரை 1945 வசந்த காலம். அட்டைக்குள் மடித்து வைத்த ஆங்கிலப் படிவம் ஒன்று இருந்தது, நேச நாடுகள் கைதிகளை விடுவிக்கும்போது கொடுத்த விடுவிப்புச் சான்று. அந்த ஏப்ரலில் ரூர் பகுதியில் அமெரிக்கப் படைகள் சுற்றிவளைத்ததில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஜேர்மன் படையினர் கைதாகினார்கள். சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே பிடிபட்டிருக்கிறார் மனிதர். அதனால்தான் புத்தகமும் தப்பியிருக்கிறது. சோவியத் படைகளிடம் அகப்பட்டவர்களில் கடைசித் தொகுதி வீடு திரும்பியது 1955, 56இல்தான். அவர்களில் பலரின் புத்தகங்கள் திரும்பவே இல்லை.

இவ்வளவையும் ஒழுங்குபடுத்தி நான்கு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அக்கா அழைத்தார். அம்மாவிடம் ஒரு கேள்வி இருக்கிறதாம்: அங்கே அவர் என்ன செய்தார் என்று எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது?

எந்தப் பக்கத்திலும் இல்லை. சப்பாத்து, போர்வை, தடுப்பூசி, பல் வைத்தியம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது, அதற்கு மட்டும் கட்டம் இல்லை. ஜேர்மனியில் நீண்டகாலம் ஒரு கதை ஓடியது. கொலைகளைச் செய்தது எஸ்.எஸ். படை, சாதாரண இராணுவம் கை சுத்தம் என்று. 1995இல் ஹம்பேர்க் சமூக ஆய்வு நிறுவகம் இராணுவத்தின் குற்றங்களைப் பற்றிய கண்காட்சி ஒன்றை நகரம் நகரமாகக் கொண்டுபோனபோது அந்தக் கதை உடைந்தது. சிலர் கோபப்பட்டு எதிர்ப்பு ஊர்வலம் போனார்கள். சில படங்களின் விளக்கம் பிழை என்று தெரியவர, கண்காட்சியை நிறுத்தித் திருத்தி 2001இல் மறுபடி திறந்தார்கள். சோவியத் மண்ணில் யூதர்களையும் போர்க் கைதிகளையும் கிராமத்து மக்களையும் கொன்றதில் வழக்கமான படையணிகளுக்கும் பங்கிருந்தது என்ற அடிப்படை முடிவு அப்படியே நின்றது.

ஆகவே அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். புத்தகம் படையணியையும் திகதியையும் தரும். அந்தப் படையணியின் போர் நாட்குறிப்பு மிஞ்சியிருந்தால் ஃப்ரைபேர்க்கிலுள்ள இராணுவ ஆவணக் காப்பகத்தில் இருக்கும். போரில் கைப்பற்றிய ஜேர்மன் ஆவணங்களை அமெரிக்கர்கள் நுண்படச் சுருள்களாக எடுத்து வைத்திருக்கிறார்கள், அதிலும் தேடலாம். அந்த நாட்களில் அந்த இடத்தில் அந்தப் படையணி என்ன செய்தது என்பது வரையில் போகலாம். ஒரு தனி மனிதனின் கை என்ன செய்தது என்பதற்குப் பெரும்பாலும் போக முடியாது. அக்கா இதை மொழிபெயர்த்துச் சொல்லி முடிய, அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, முதலில் விண்ணப்பத்தைப் போடுங்கள் என்றாராம்.

அந்த விண்ணப்பம் போகும் இடத்தைப் பற்றித்தான் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது. போர் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்னர், 1939 ஓகஸ்ட் 26இல், பேர்லினில் ஓர் அலுவலகம் திறந்தார்கள். படையிழப்புகளுக்கும் போர்க் கைதிகளுக்குமான தகவல் பணிமனை, சுருக்கமாக வாஸ்ட். ஒவ்வொரு படையணியும் தன் ஆட்களின் அடையாளத் தகட்டு இலக்கங்களின் பட்டியலை அங்கே அனுப்ப வேண்டும். பிறகு மாதாமாதம் மாற்றங்கள்: யார் புதிதாக வந்தார், யார் வேறு படைக்குப் போனார், யார் வைத்தியசாலையில், யார் இறந்தார், யாரைக் காணவில்லை. தகடு நீள்வட்டமானது, நடுவில் துளை வரிசை, இரண்டு பாதியிலும் ஒரே எழுத்துகள். இறந்தால் கீழ்ப் பாதியை முறித்து எடுத்து அறிவிப்பார்கள், மேல் பாதி உடலுடன் புதைக்கப்படும். எழுபது எண்பது வருடம் கழித்து ரஷ்யக் காட்டில் எலும்புடன் அரைத் தகடு ஒன்று கிடைத்தால் பேர்லினில் ஒரு பட்டியலைத் திறந்து பெயரைச் சொல்ல முடிவது இதனால்தான்.

1945 ஏப்ரல் 14 இரவு பொட்ஸ்டாம் மீது விழுந்த குண்டுகளில் இராணுவ ஆவணக் காப்பகம் எரிந்து பெருமளவு ஆவணங்கள் அழிந்தன. வாஸ்டின் அட்டைகள் அதற்கு முன்பே துரிங்கியா பக்கம் மாற்றப்பட்டிருந்ததால் தப்பின. நாடு தோற்றது, அரசு ஒழிந்தது, ஆனால் அலுவலகத்தை மூடவில்லை. வென்றவர்களின் மேற்பார்வையில் அதே அட்டைகளோடு பேர்லினில் தொடர்ந்து இயங்கியது. 2019 ஜனவரி முதல் அது ஜேர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் ஒரு பிரிவு. ஒரு கோடியே எண்பது லட்சத்துக்கும் மேற்பட்டோரின் அட்டைகள் அங்கே இருக்கின்றன. படிவம் நிரப்பி அனுப்பினால், மாதக்கணக்கில் காத்திருந்தாலும், பதில் வரும்.

காணாமல் போனவர்களுக்கு வேறு வேலையும் நடந்தது. 1950களின் பிற்பகுதியில் ஜேர்மன் செஞ்சிலுவைச் சங்கம் காணாமல் போனவர்களின் படப் பட்டியலை அச்சிட்டது. படையணி வாரியாக, இருநூறுக்கும் மேற்பட்ட தொகுதிகள், லட்சக்கணக்கான முகங்கள். அதைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்த சிப்பாய்களின் வீடுகளுக்குப் போய், உன் படையில் இருந்தவர்கள் இவர்கள், யாரைக் கடைசியாக எங்கே கண்டாய் என்று கேட்டு எழுதினார்கள். அப்படியிருந்தும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் முடிவு இன்றுவரை தெரியாது. இந்த நாட்டை மெச்சி எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். சிப்பாய்களின் குடும்பங்களுக்கு இவ்வளவும் நடந்த அதே நாட்டில், நாசிகளால் வதைக்கப்பட்டவர்களின் ஆவணங்கள் குவிந்திருந்த பாட் அரோல்சன் காப்பகத்தை ஆய்வாளர்களுக்குத் திறக்க 2007 வரை ஆனது.

இதை எழுதிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு காலை கண்டியில் தெய்வெனி ராஜசிங்க மாவத்தையிலுள்ள போர் மயானத்துக்குப் போனேன். இரண்டாம் உலகப் போரின்போது 1944இலிருந்து நேச நாடுகளின் தென்கிழக்கு ஆசியக் கட்டளையகம் பேராதனைப் பூங்காவில் இருந்தது நமக்குத் தெரியும். அந்தக் காலத்தில் இறந்த பிரித்தானியர், கிழக்கு ஆபிரிக்கர், இந்தியர், இலங்கையர் என்று ஏறக்குறைய இருநூறு பேர் அங்கே இருக்கிறார்கள். பலர் சண்டையில் இறந்தவர்களுமல்லர், மலேரியா. ஒவ்வொரு கல்லிலும் இராணுவ இலக்கம், பதவி, பெயர், படையணி, திகதி. புல் ஒழுங்காக வெட்டியிருந்தது. விசுவமடுவிலும் கோப்பாயிலும் கனகபுரத்திலும் துயிலும் இல்லங்கள் இருந்த நிலம் என் கண்ணுக்குள் வந்து நின்றதை மறைத்து எழுத முடியாது.

2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தில் மனித எச்சங்கள் வந்தன. நீதிமன்ற மேற்பார்வையில் கட்டம் கட்டமாகத் தோண்டியதில் 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. சீருடைத் துணியும் இலக்கத் தகடுகளும் கிடைத்தன. நம் வாசகர்களுக்குத் தகடு பற்றி நான் விளக்கத் தேவையில்லை. அந்த இலக்கத்தை ஒரு பெயராக மாற்றப் பதிவேடு வேண்டும். அது இன்று எந்தத் தாயும் போய்க் கேட்கக்கூடிய எந்த அலுவலகத்திலும் இல்லை.

அரச தரப்பிலும் இதே கணக்குத்தான். சப்பாத்தை எண்ணி எழுதாத, சம்பளத்துக்குக் கையெழுத்து வாங்காத இராணுவம் உலகில் இல்லை. 2009 மே மாதம் வட்டுவாகலில் எந்தப் படையணி நின்றது, யார் பொறுப்பில் நின்றது, பேருந்துகள் எங்கே போயின என்பதெல்லாம் ஏதோ ஒரு வடிவத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டிய விடயங்கள். கையளித்த பிள்ளைகளைக் கேட்டுக் குடும்பங்கள் ஆட்கொணர்வு மனுக்களோடு வவுனியாவுக்கும் முல்லைத்தீவுக்கும் நடந்தது அந்த எழுத்தைத் தேடித்தான். காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் வந்து 2018இல் அலுவலகமும் திறந்தது. குடும்பங்களிடமிருந்து கடதாசி வாங்கும் அலுவலகம் அது. படையினரின் கடதாசி அந்த மேசைக்கு வந்தால்தான் வாஸ்ட் செய்த வேலையில் ஒரு பங்காவது நடக்கும்.

ஸோல்ட்புக்கைப் படித்த பிறகு ஒரு விடயத்தைச் சொந்தக்காரர் எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். எண்ணும் திகதியும் முத்திரையும் உள்ள எதையும் எறியாதீர்கள். மெனிக்பாம் முகாமில் தந்த பதிவட்டை, செஞ்சிலுவைச் சங்கத் துண்டு, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, பழைய வைத்தியசாலைத் துண்டு, பின்பக்கத்தில் திகதி எழுதிய படம். இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வேறு வீட்டிலும் ஒரு பிரதி வையுங்கள். அந்த ஜேர்மன் அம்மாவுக்கு இத்தனையும் தெரியவந்தது யாரும் பெரிதாக மதிக்காத ஒரு வைத்தியசாலை முத்திரையாலும் ஒரு விடுமுறை வரியாலும்.

விசுவமடுவில் பெரியம்மா இருக்கிறார். அவருடைய இளைய மகன், என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு திரிந்த அண்ணா, 2009 மே 17க்குப் பிறகு இல்லை. பொங்கலுக்குப் போயிருந்தபோது தொலைபேசியில் இந்தப் படங்களைக் காட்டினேன். ஐந்தாம் பக்கத்தில் நெருங்கிய உறவினர் விலாசம் எழுதும் இடம் இருக்கிறது: முதலில் மனைவி, பிறகு தகப்பன், தாய், கடைசியில் மற்ற உறவினர் அல்லது மணம் பேசிய பெண். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“தாய்ட பேரும் எழுதியிருக்கே?”

“ஓம் பெரியம்மா. கலியாணத்துக்கு முந்தின பேரோட எழுதியிருக்கு.”

“அப்ப ஆருக்குச் சொல்லவேணுமெண்டு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு” என்றார். பிறகு தேத்தண்ணி வைக்க எழுந்து போனார்.

பேர்லினிலிருந்து அம்மாவுக்குக் கடிதம் வந்துவிட்டதாகப் போன கிழமை அக்கா சொன்னார். விண்ணப்பம் கிடைத்தது, கோப்பு இலக்கம் இது, நிறைய விண்ணப்பங்கள் இருப்பதால் காலமெடுக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். கோப்பு இலக்கத்தை அம்மா பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லி, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறார். போர் நாட்குறிப்பையும் தேடுவதா என்று அக்கா கேட்டிருக்கிறார். அதற்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.